உண்ணாமல் உரைக்கும் தீர்ப்பு

சுவையைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் அறமாகுமா? கேட்ட அளவில் இது மிகச் சிறிய வினாவாகத் தோன்றும். உப்புக் குறைந்தது, புளி மிகுந்தது என்று நாள்தோறும் நம் இல்லங்களில் தீர்ப்புகள் வழங்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றால் உலகம் கவிழ்ந்துவிடவில்லை. ஆயினும், ஒருவர் சமைத்ததை மற்றொருவர் ஏற்பதும் மறுப்பதும் நாவின் செயலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. இந்நாட்டில் அது மனிதனையே ஏற்பதும் மறுப்பதுமாக நெடுங்காலம் இருந்து வந்திருக்கின்றது. ஆதலின் இச்சிறு வினாவைச் சற்றே நின்று ஆராய்தல் நமக்கு நன்று.

இன்று பல இல்லங்களில் குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து காணும் ஒரு தொலைக்காட்சிப் போட்டியைக் கொண்டே இவ்வாராய்ச்சியைத் தொடங்கலாம். ‘மாஸ்டர்செஃப்’ என்பது அதன் பெயர். ஃபிராங்க் ராடம் என்னும் ஆங்கிலேயத் திரைப்பட இயக்குநரின் எண்ணத்தில் உருவாகி, 1990-ஆம் ஆண்டு பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனத்தால் அது முதன்முதல் ஒளிபரப்பப்பட்டது. 2009-இல் ஆஸ்திரேலியாவிலும், 2010-இல் நம் நாட்டில் இந்தி மொழியிலும் தொடங்கிற்று. சமையலைத் தொழிலாகக் கொண்டவர்க்கு அதில் இடமில்லை. வீட்டில் சமைத்துப் பழகியவர்களே போட்டியிடலாம். நம் நாட்டில் நடந்த முதற்போட்டியில் வென்றவர் லக்னோ நகரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர். 2023-இன் இறுதியில் வென்றவர் மங்களூரில் பழச்சாறுக் கடை நடத்திவந்த இளைஞர் ஒருவர்.

போட்டியின் முறை எளியது. மூடிய பெட்டி ஒன்று ஒவ்வொருவர் முன்னும் வைக்கப்படும். அதைத் திறந்த பின்னரே உள்ளிருக்கும் பொருள்கள் இன்னவை என்று தெரியவரும். குறித்த நேரத்துக்குள் அவற்றைக் கொண்டு ஓர் உணவு ஆக்கவேண்டும். நேரம் முடிந்ததும் கைகளை எடுத்துவிட வேண்டும். பின்னர் ஒவ்வொருவரும் தம் தட்டை ஏந்திச் சென்று நடுவர் முன் வைப்பர். நடுவர் கரண்டியால் எடுத்து வாயிலிட்டுச் சுவைப்பர். சில கணம் பேசாதிருப்பர். பிறகே குறைநிறைகளை உரைப்பர். குறை மிகுந்தவர் வெளியேறுவர். இதைச் சுற்றி இசையும் ஆரவாரமும், கண்ணீரும் விளம்பரமும் நிறைந்திருப்பது உண்மையே. அவற்றையெல்லாம் நீக்கிப் பார்த்தால் நடுவில் எஞ்சுவது ஒன்றுதான்: ஒருவர் சமைக்கிறார், முன்பின் அறியாத மற்றொருவர் அதை உண்டு பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்.

இப்போட்டியின் ஆஸ்திரேலியப் பதிப்பில் 2011-ஆம் ஆண்டு ஒரு நாள் விருந்தினராக வந்து அமர்ந்தவர் தலாய் லாமா. போட்டியாளர்கள் அவருக்கெனச் சமைத்துப் படைத்தனர். ஆனால் எவ்வுணவு சிறந்தது, எது தாழ்ந்தது என்று தரம் பிரிக்க அவர் இசையவில்லை. இவ்வுணவு வேண்டும், அவ்வுணவு வேண்டா என்று கருதுதல் பௌத்தத் துறவிக்குத் தகாது என்பதே அவர் தந்த விளக்கம். தீர்ப்புச் சொல்வதற்கென்றே அமைந்த அரங்கில், தீர்ப்புச் சொல்லாத விருந்தினராக அவர் அமர்ந்திருந்தார். இது பிறர்க்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். நமக்கோ இது பழகிய நெறி. பாத்திரம் ஏந்திச் செல்லும் துறவி, அதில் இடப்பட்டதை உண்பவர். இட்ட கை எவருடையது என்று அவர் ஆராய்வதில்லை. இட்ட பொருளின் சுவையை எடைபோடுவதுமில்லை.

அப்படியாயின், அருகில் அமர்ந்து மதிப்பெண் இட்ட நடுவர்கள் செய்தது பிழையா? அன்று. துறவி தரம் பிரிக்காதிருப்பது தம் ஆசையை அடக்குவதற்காக. நடுவர் தரம் பிரிப்பது மற்றவருடைய தொழில் வளர்வதற்காக. நெய்த ஆடையில் இழை தளர்ந்திருப்பின் அதை எடுத்துச் சொல்பவர் நெய்தவனுக்கு நன்மையே செய்கிறார். கோழி இறைச்சி உள்ளே வேகாமல் இருக்கும்போது ‘மிக நன்று’ என்று புகழ்பவர் அன்புடையவர் அல்லர், கவலையற்றவர். எனவே துறவியின் மௌனமும் தகும். நடுவரின் சொல்லும் தகும். ஒருவர் உண்டு, தரம் பிரிக்காதவர். மற்றவர் உண்டு, தரம் பிரிப்பவர். இருவரும் வேறுபட்டவரே ஆயினும், ஒன்றில் ஒத்தவர்: இருவரும் அறியாதவர் கையிலிருந்து உணவை வாங்கினர், இருவரும் அதை உண்டனர்.

இவ்விருவரினும் வேறான மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் உண்பதில்லை, ஆயினும் தரம் பிரிப்பார். அவரைத் தொலைக்காட்சி அரங்கில் காணமுடியாது. நம் ஊர்களில் காணலாம்.

உத்தரகண்ட் மாநிலத்துச் சம்பாவத் மாவட்டத்தில், அரசுப் பள்ளி ஒன்றில், 2021 டிசம்பரில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் மதிய உணவு சமைக்க அமர்த்தப்பட்டார். உயர்ந்த சாதியினர் எனப்படுவோர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவர் சமைத்ததை உண்ண மறுத்தனர். நியமன முறையில் குறை கண்டதாகக் கூறி அவர் நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வேறு சாதிப் பெண்மணி ஒருவர் சமைக்க வந்தபோது, பட்டியல் சாதிப் பிள்ளைகள் அந்த உணவை உண்ண மறுத்தனர். செய்தி நாடெங்கும் பரவிய பின்னர், நீக்கப்பட்டவர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். 2018-இல் திருப்பூர் மாவட்டத்து அவிநாசியை அடுத்த ஓர் ஊர்ப் பள்ளியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கும் சத்துணவு சமைத்த பெண்மணி சாதியின் பொருட்டு வேறிடம் மாற்றப்பட்டார். எதிர்ப்பு எழுந்த பின்னரே அவ்வாணை கைவிடப்பட்டது.

இப்பெண்மணியர் ஆக்கிய சோறு குழைந்திருந்ததா? பருப்பு வேகாமல் இருந்ததா? காரம் மிகுந்திருந்ததா? மறுத்தவர்களால் இவ்வினாக்களுக்கு விடை கூற இயலாது. ஏனெனில் அவர்கள் உண்டு பார்க்கவில்லை. அரங்கில் நடுவர் தட்டைப் பார்க்கிறார். ஊரிலோ தட்டை ஏந்திய கையைப் பார்க்கின்றனர். குற்றம் சாட்டப்பட்டவரை விசாரியாமலே தண்டித்தல் நீதிமன்றத்தில் கொடுமை எனின், உணவை உண்ணாமலே ஒதுக்குதலும் அத்தகைய கொடுமையே. தண்டனை பெறுவது சோறு அன்று; சமைத்தவர்.

பின்னால் வந்தவர் சமைத்ததை மறுத்த அப்பட்டியல் சாதிப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அவமதிப்புக்கு எதிர்ப்பாக அவர்கள் செய்தது அது. முன்னவர் மறுப்போடு அதை ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. ஆயினும், சிறு பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் மறுக்கக் கற்றுக்கொண்ட பள்ளியில், அன்றைய பாடம் எதுவாயிருந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் வருந்துகின்றது.

‘எங்களுக்கு அருவருப்பாயிருக்கிறது, இது பிறவியிலேயே வந்தது, இதற்கு நாங்கள் என்ன செய்வோம்?’ என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் நிற்குமா என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து மோனெல் ஆய்வு நிலையத்தார் 2001-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கருவுற்ற தாய்மார் சிலருக்குக் கடைசி மாதங்களிலும், வேறு சிலருக்குப் பாலூட்டும் காலத்திலும் கேரட்டுச் சாறு தரப்பட்டது. மற்றும் சிலர் தண்ணீரே பருகினர். பிள்ளைகள் திட உணவு உண்ணத் தொடங்கியபோது, கேரட்டுச் சுவை கலந்த கூழை ஊட்டிப் பார்த்தனர். சாறு பருகிய தாய்மாரின் குழந்தைகள், மற்றக் குழந்தைகளைப்போல் முகம் சுளிக்கவில்லை. கருவறையிலும் தாய்ப்பாலிலுமே நாவுக்குக் கல்வி தொடங்கிவிடுகின்றது என்பது இதனால் விளங்கும்.

2005-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. ஒரே மணத்தை மக்களை முகரச் செய்தனர். ஒரு முறை ‘இது செடார் என்னும் பாலாடைக்கட்டி’ என்று எழுதிக் காட்டினர். மற்றொரு முறை ‘இது உடல் நாற்றம்’ என்று எழுதிக் காட்டினர். முதற்பெயரைக் கண்டபோது மணம் இனிது என்றும், இரண்டாம் பெயரைக் கண்டபோது இனிதன்று என்றும் முகர்ந்தவர் மதிப்பிட்டனர். அவர்தம் மூளையின் செயலும் அதற்கேற்ப மாறுபட்டது. மணம் மாறவில்லை, பெயர் மட்டுமே மாறிற்று.

அன்பர்களே, இவ்விரண்டையும் சேர்த்து நோக்குக. நாவு பிறரிடம் கற்கின்றது. மூக்கு பெயரைக் கேட்டுத் தீர்ப்பளிக்கின்றது. அருவருப்பு என்பது பெரும்பாலும் பழக்கத்தால் புகுத்தப்பட்டதே. அங்ஙனமாயின், புகுத்தப்பட்டதைப் பழக்கத்தாலேயே அகற்றவும் கூடும். அகற்றக்கூடிய ஒன்றை அகற்றாமல் வைத்திருப்பவன், ‘என்மேல் பிழையில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது.

இவ்விடத்தில்தான் அப்போட்டியின் ஒரு விதியை நான் மெச்சுகிறேன். நடுவர் எத்துணைப் புகழ் வாய்ந்தவராயினும், வாயிலிடாமல் வாய் திறக்கலாகாது. இது சிறிய விதி. ஆயினும், கோடிக்கணக்கான மக்கள் காண, முன்பின் அறியாத ஒருவர் கையால் ஆக்கியதை மற்றொருவர் உண்பதே இந்நாட்டில் ஒரு பாடமாகும். பாடம் புகட்டவேண்டும் என்று போட்டியை நடத்துவோர் கருதினாரோ இல்லையோ, காண்பவர் கற்றுக்கொள்ளத் தடையில்லை.

மெச்சுவதோடு குறையையும் கூறுதலே நேர்மை. உண்டு பார்த்தே தீர்ப்புக் கூறவேண்டும் என்னும் விதி, அரங்கின் உள்ளே வந்த உணவுக்கு மட்டுமே பயன்படுகின்றது. வாயிலிலேயே நிறுத்தப்பட்ட உணவுக்கு அது பயன்படாது. நம் நாட்டுப் போட்டியின் நான்காம் பருவம், 2015-இல், முழுவதும் சைவச் சமையலுக்கே உரியதாக நடத்தப்பட்டது. கொல்லாமை உயர்ந்த அறம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இரக்கத்தால் புலாலைத் தாமே விட்டவர் போற்றத்தக்கவர். ஆனால் நாட்டின் பெயரைத் தாங்கிய போட்டியில், மீனும் கருவாடும் இறைச்சியும் சமைத்துப் பழகிய எண்ணற்ற வீட்டுப் பெண்டிர் தம் கைப்பழக்கத்தை வாயிலில் விட்டு வரவேண்டும் என்பது வேறு. அது ஒருவர் தமக்கு இட்டுக்கொண்ட கட்டுப்பாடு அன்று. பிறர்மேல் இட்ட வேலி. உண்ணாமல் உரைக்கும் தீர்ப்பின் மற்றொரு வடிவமே அது.

மற்றொரு குறையும் உண்டு. சுவைக்கும் நாவும் பேசும் நாவும் ஒன்றே. பிரிட்டனில் இப்போட்டியின் நடுவராகப் பல்லாண்டு விளங்கிய இருவர் 2025-இல் அப்பணியை இழந்தனர். ஒருவர்மேல் சுமத்தப்பட்ட 83 குற்றச்சாட்டுகளில் 45 மெய்ப்பட்டன என்று விசாரணை அறிக்கை கூறிற்று. அவற்றுட் பல தகாத பேச்சைப் பற்றியவை. மற்றவர்மேல், இனத்தை இழிவுபடுத்தும் சொல் வழங்கியதாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டு ஒன்று ஏற்கப்பட்டது. அது தம் நினைவில் இல்லை என்று அவர் கூறினார். உணவின் குறையை நுட்பமாக அறியும் நாவு, மனிதரிடம் பேசும்போது அந்நுட்பத்தை இழந்துவிடக்கூடும். ஆகவே உண்ணுதல் முதற்கடமையே தவிர, முழுக்கடமை அன்று. உண்டபின் உரைப்பது, உணவைப் பற்றியதாக இருக்கவேண்டும்; சமைத்தவரின் பிறப்பையோ உடலையோ குலத்தையோ பற்றியதாக இருத்தலாகாது.

இனி, என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி, இவ்வாராய்ச்சியை என்மேலேயே திருப்பிக்கொள்ள விரும்புகிறேன்.

2021-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்காளதேச மரபில் வந்த கிஷ்வர் சௌத்ரி என்னும் பெண்மணி, ‘பாந்தா பாத்’ என்னும் உணவை நடுவர் முன் வைத்தார். சோற்றை நீரிலிட்டு இரவு முழுவதும் புளிக்கவிட்டு உண்பதே அது. உடன் மசித்த உருளைக்கிழங்கும் வறுத்த மீனும் வைத்திருந்தார். உணவு விடுதிகளில் காணக்கிடைக்காத உணவு இது என்றும் அவர் சொன்னார். நடுவர்கள் உண்டு வியந்தனர். அவர் பெற்றது மூன்றாம் இடமே; ஆயினும் அவர் வைத்த தட்டைப் பற்றி உலகெங்கும் பேசினர்.

அக்காட்சியை என் அன்னையாருடன் அமர்ந்து கண்டேன். அவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஏனப்பா, இது நம் வீட்டுப் பழைய சோறுதானே?” என்று கேட்டார். “ஆம் அம்மா” என்றேன். “அதற்கா இவர்கள் இத்தனை வியப்புக் கொள்கிறார்கள்?” என்று கூறிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

இளமையில் நான் வேலைக்குச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில், நண்பகலில் அனைவரும் ஒரே அறையில் அமர்ந்து உண்பது வழக்கம். ஒரு நாள் என் அன்னையார் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொடுத்தனுப்பியிருந்தார். நான் தூக்குப் பாத்திரத்தைத் திறந்ததும் ஒருவர் எழுந்து சன்னலைத் திறந்தார். மற்றொருவர் தம் இலையை எடுத்துக்கொண்டு அப்பால் நகர்ந்தார். எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, மூடியைப் பாதி மறைத்து வைத்துக்கொண்டு விரைவாக உண்டு முடித்தேன். அன்று மாலை வீடு சேர்ந்து, “இனி அலுவலகத்துக்குக் கருவாடு வேண்டா அம்மா” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் முதல் தயிர்ச்சோறே வந்தது.

எழுந்து நகர்ந்தவரை நெடுங்காலம் நான் மனத்துள் குறைகூறி வந்தேன். ஆனால் அன்று மாலை தீர்ப்பு வழங்கியவர் அவர் அல்லர், நான். அவர் உண்ணாமல் மறுத்தார். நானோ, அச்சுவையில் வளர்ந்தவனாயிருந்தும், உண்ணாதவர் சொல்லாத தீர்ப்பை ஏற்று, என் தாயின் கையை மறுத்தேன். அயலார் அவமதிப்பது ஒரு துன்பம். அவர் அவமதிப்பை நாமே வாங்கி வந்து நம் அடுப்பின் முன் வைப்பது அதனினும் பெரிய துன்பம். வெளிநாட்டு நடுவர் மூவர் வியந்த பிறகுதான் என் வீட்டுப் பழைய சோற்றின் பெருமை எனக்குப் புலப்படவேண்டும் என்றால், என் அறிவு எவரிடம் அடகு வைக்கப்பட்டிருந்தது?

நம்முள்ளும் இக்குற்றம் வேறு உருவில் உலவுகின்றது. நம்மிற் சிலர் புலாலை விட்டுவிட்டனர், நன்று. ஆனால் விட்ட மறுநாளே, விடாத உறவினர் வீட்டில் நீரருந்தவும் தயங்குவோர் உளர். ‘இன்னுமா இதைச் சமைக்கிறீர்கள்?’ என்று அத்தையிடமும் அண்ணியிடமும் கேட்டு முகம் சுளிப்போர் உளர். பட்டணத்தில் கல்வி கற்ற பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் பாட்டியார் கட்டிக்கொண்டு வந்த பலகாரத்தைத் தோழர் காணாதபடி மறைப்பதும் உண்டு. உயிர்மேல் கொண்ட இரக்கத்தால் ஓர் உணவை விடுதல் அறம். அவ்வுணவைச் சமைத்தவரைத் தாழ்வாக எண்ணுதல், நாம் எதிலிருந்து வெளியேறி வந்தோமோ அதையே மீண்டும் உள்ளே அழைத்துக்கொள்ளுதல். உண்ண விருப்பமில்லையாயின், ‘நான் இதை உண்பதில்லை அம்மா, தாங்கள் அன்போடு தந்ததற்கு நன்றி’ என்று கூறி, அவர் அருகிலேயே அமர்ந்து வேறொன்றை உண்ணலாம். மறுப்பது பொருளை; அமர்வது மனிதரோடு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் கடினம் அன்று.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. சுவைக்குத் தீர்ப்புக் கூறலாம். ஆனால் அதற்கு மூன்று முறைகள் உண்டு. முதலாவது, உண்டபின் கூறுக. இரண்டாவது, உணவைப் பற்றிக் கூறுக. சமைத்தவரின் பிறப்பைப் பற்றிக் கூறற்க. மூன்றாவது, சமைத்தவர் மேலும் நன்றாகச் சமைப்பதற்கு உதவுமாறு கூறுக. இம்மூன்றும் இயலாதபோது, 2011-இல் அவ்விருந்தினர் இருந்ததுபோல், கொடுத்ததை வாங்கி உண்டு தரம் பிரிக்காதிருத்தல் நன்று.

என் அன்னையார்க்கு இப்பொழுது முதுமையால் அடுப்பங்கரையில் நெடுநேரம் நிற்க இயலவில்லை. அவர் அருகில் நாற்காலியில் அமர்ந்து அளவு சொல்ல, நான் கருவாட்டுக் குழம்பு வைக்கக் கற்றுவருகிறேன். புளி எப்பொழுதும் சற்று மிகுந்துவிடுகின்றது. அவர் வாயிலிட்டுப் பார்த்த பின்னரே அதைச் சொல்கிறார்.